அரவிந்த்சாமியை மறுபடி பார்த்தேன்: பதின்வயதுப் பித்து நாற்பதைத் தாண்டினால் என்ன ஆகிறது?

நெல்லைச்சீமை (இழையைத் தொடங்கியவர்)

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1992 சுதந்திர தினத்தன்று ‘ரோஜா’ வெளியானபோது நான் பாளையங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்பு. கதாநாயகன் பெண் பார்க்க வரும் சுந்தரபாண்டியபுரம் தென்காசிக்குப் பக்கம். பஸ் ஏறினால் போய்விடலாம். அரவிந்த்சாமி வந்து நின்றது எங்கள் சீமையில் என்ற பெருமை தலைக்கேறி, வகுப்பில் பாதிப் பேர் அவருக்கு நிச்சயிக்கப்பட்டவர்களைப் போலவே நடமாடினோம்.

ஒரு வார இதழின் நடுப்பக்கத்தில் அவருடைய வண்ணப்படம் வந்தது. தாள்களைச் சேர்த்துப் பிடித்திருந்த கம்பி சரியாகச் சட்டையின் இரண்டாவது பொத்தான் மேல் குத்தியிருந்தது. நகத்தால் கம்பியை நிமிர்த்தி, தாள் கிழியாமல் உருவி எடுத்து, பீரோவின் அடித்தட்டில் விரித்திருந்த செய்தித்தாளுக்கு அடியில் குப்புறப் படுக்க வைத்தேன். பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது அது ஆச்சி கையில் சிக்கியது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, “பையன் லட்சணமாக இருக்கிறான். என்ன வேலை பார்க்கிறான்?” என்று கேட்டாள். ‘தளபதி’யில் கலெக்டராக வந்தவர் என்று தம்பி எடுத்துக் கொடுத்தான். “கலெக்டரா? அப்படியானால் நமக்கு ஒத்து வருமா என்று பார்க்க வேண்டும்” என்றாள் ஆச்சி. அவள் விளையாடவில்லை. நிஜமாகவே வரன் என்று நினைத்துவிட்டாள்.

போன வாரம் வீட்டில் யாரும் இல்லாத ஒரு சாயங்காலம் ‘ரோஜா’வை முதலிலிருந்து கடைசி வரை மறுபடி பார்த்தேன். பாட்டுகளை நடுநடுவே எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம், அது வேறு. முழுப் படத்தைப் பார்த்து எத்தனையோ வருடங்களாகிவிட்டன.

அந்தப் பெண் பார்க்கும் காட்சியை நினைவிருக்கிறதா? அக்காவைப் பார்க்க வந்தவரிடம் அக்கா தனியாகப் பேசி, தன் மனத்தில் வேறொருவர் இருப்பதைச் சொல்கிறாள். அவர் சபைக்கு வந்து தங்கையைக் கைகாட்டி, இவளைப் பிடித்திருக்கிறது என்கிறார். அக்காவின் மானம் தப்புகிறது. பெருந்தன்மைதான், மறுக்கவில்லை. ஆனால் தங்கையிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன நடந்தது என்பதே தெரியாமல், அக்காவை அவமானப்படுத்திய ஆளுக்குக் கழுத்தை நீட்டுகிறாள் ரோஜா. தாலி ஏறும் வரைக்கும் அவளுக்கு உண்மை தெரியாது.

பதினான்கு வயதில் எனக்கு அவள் மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. இப்படி ஒருவர் வாய்த்தும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாளே, கொடுத்து வைத்தவள் என்று கூடத் தெரியாத பட்டிக்காடு என்று நினைத்தேன். இப்போது பார்க்கும்போது அவளுடைய கோபம்தான் அந்த முதல் பாதியில் நியாயமான ஒரே விஷயமாகத் தெரிகிறது. அவர் சிரிப்பு அப்படியேதான் இருக்கிறது, அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் நான் அவர் பக்கத்தில் இல்லை. எதிரே, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? பதின்வயதில் உருகிய ஒருவரை இப்போது திரும்பப் போய்ப் பார்த்தவர்கள் எழுதுங்கள். நடிகராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

இஞ்சிமரப்பா

உங்கள் ஆள் குடும்பஸ்தன் வேடத்திலாவது மனத்தில் நின்றார். என் கதையைக் கேளுங்கள்.

1996, ‘காதல் தேசம்’. அப்பாஸ். நெற்றியில் விழும் அந்த முடிக்காக எங்கள் கல்லூரிப் பையன்கள் எல்லாரும் சலூனில் தவம் கிடந்தார்கள். விடுதி அறையில் என் தகரப் பெட்டி மூடியின் உட்பக்கத்தில் அவர் படம். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் தரிசனம். சில வருடங்கள் போயின. எனக்குத் திருமணமாகி, புது வீட்டில் மாமனார் மாமியாரோடு உட்கார்ந்து தொடர் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இடைவேளை விளம்பரத்தில் ஒருவர் யார் வீட்டுக் கதவையோ தட்டி, கழிப்பறையைக் காட்டச் சொல்கிறார். கையில் ஹார்பிக். என் தலைவன்!

மாமனார் “இந்தப் பையன் நன்றாக விளக்கிச் சொல்கிறான்” என்றார். நான் சமையலறைக்கு எழுந்து போய்விட்டேன்.

நெல்லைச்சீமை

மரப்பா, அடக்க முடியாமல் சிரித்தேன். பிறகு அவர் நியூசிலாந்துக்கே போய்விட்டார் இல்லையா?

இஞ்சிமரப்பா

ஆமாம். அங்கே பெட்ரோல் பங்கில் வேலை பார்த்ததையும், வண்டி பழுது பார்த்ததையும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சொன்ன விதம்தான் எனக்குப் பிடித்தது. கூச்சமும் இல்லை, பரிதாபம் தேடவும் இல்லை. காதல் தேசத்து முடி அழகனைவிட அந்தப் பேட்டியில் பேசிய ஆளோடு ஒரு டீ குடிக்கலாம் என்று தோன்றியது. பெட்டி மூடியில் ஒட்டுகிற வயது போய்விட்டது, அவ்வளவுதான்.

கரிசல்காட்டான்

சகோதரிகளே, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பித்துக்கு வட்டி கட்டியவர்கள் நாங்கள்.

கோவில்பட்டிக்காரன். நிறத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, என் பெயரிலேயே இருக்கிறது. 90களில் தலை வாரிக்கொண்டு கண்ணாடி முன் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றால் வீட்டில் ஒரே கேள்விதான்: “மனத்துக்குள் பெரிய அரவிந்த்சாமி என்று நினைப்போ?” அது கேலிக்கான வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. கல்யாணத்துக்குப் புகைப்படம் எடுக்கப் போனபோது ஸ்டூடியோக்காரர் என் முகத்தில் பவுடரை அப்பி, விளக்கைக் கிட்டே நகர்த்தி, ‘இப்போது பாருங்கள்’ என்றார். படம் வந்தது. முகம் வெள்ளை, காது இரண்டும் சொந்த நிறம். அந்தப் படத்தைத்தான் தரகர் ஊர் ஊராகக் கொண்டு போனார்.

உங்களுக்கெல்லாம் அவர் நடிப்பா பிடித்தது? ‘தளபதி’யை யோசித்துப் பாருங்கள். ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பிள்ளைகள். கறுத்தவன் சேரியில் வளர்ந்த ரவுடி, சிவந்தவன் படித்த கலெக்டர். ரஜினியைத் தலைவன் என்று கொண்டாடியது தமிழ்நாடு. மாப்பிள்ளை என்று வந்தபோது அந்தத் தம்பியைத்தான் கேட்டது. விசில் எங்களுக்கு, வரன் அவர்களுக்கு.

தறிச்சத்தம்

முதல் முறையாகக் கரிசல் அண்ணனோடு ஒத்துப்போகிறேன்.

பவளமல்லி

கரிசல், நீங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி.

நானும் கறுப்புதான். அரவிந்த்சாமி மேல் எனக்கிருந்த ஆசையில் ஒரு வலியும் கலந்திருந்தது. அவர் படங்களில் அவருக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்ணின் நிறத்தை நான் பார்த்திருக்கிறேன் அல்லவா? ஆசைப்படும்போதே தெரியும், இந்த வரிசையில் எனக்கு இடமில்லை என்று. ஆண்களுக்குக் கேலி மிஞ்சியது. எங்களுக்குக் கூடுதல் பவுன் கேட்டார்கள். ஆகவே வட்டிக் கணக்கை நாமிருவரும் உட்கார்ந்து பார்த்தால் உங்களுடையது குறைவாகத்தான் வரும்.

இன்னொரு பாதி என்னவென்றால், நிறம் மட்டும் என்றால் அதற்கு முன்னும் சிவந்த நடிகர்கள் இருந்தார்களே, அவர்களுக்கு ஏன் இப்படி உருகவில்லை? அன்றைக்குத் திரையில் கதாநாயகன் என்றால் பெண்ணுக்குப் புத்தி சொல்ல வேண்டும், திமிரை அடக்க வேண்டும், தேவைப்பட்டால் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும். கொட்டகை கை தட்டும். வீட்டிலும் அப்பாக்கள், சித்தப்பாக்கள் அதே ரகம். அந்தச் சமயத்தில் ஒரு மனிதர் சத்தம் போடாமல் பேசினார். மனைவி முறைத்தால் சிரித்தார். ‘பம்பாய்’ படத்தில் மதம் கடந்து கட்டிக்கொண்ட பெண்ணிடம் நீ இதை விடு, அதை விடு என்று சொல்லாத கணவனாக வந்தார். கையை ஓங்காத ஆண் என்ற ஒன்று இருக்க முடியும் என்பதே எங்களில் பலருக்குச் செய்தி. அந்த ஆசையை நிறத்தாசை என்று தள்ளிவிட முடியாது.

நெல்லைச்சீமை சொன்ன பெண் பார்க்கும் காட்சியும் எனக்கு இப்போது உறுத்துகிறது. ஆனால் 1992இல் எங்கள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருந்ததில் மேலானவர் அவர்தான்.

தறிச்சத்தம்

ஒன்று சொல்லட்டுமா? நீங்களெல்லாம் பாதி காதலித்தது எஸ்.பி.பி.யை. ‘காதல் ரோஜாவே’ யார் குரல்? ‘மின்சாரக் கனவு’ படத்துத் ‘தங்கத் தாமரை’ யார் குரல்? அந்தப் பாட்டுக்கு அவருக்குத் தேசிய விருதே கிடைத்தது. வாயசைத்தவருக்கு நடுப்பக்கம், பாடியவருக்கு மரியாதை வணக்கம். ‘பம்பாய்’ படத்து ‘உயிரே’ என்றால் ஹரிஹரன். பேகல் கோட்டை மேல் மழையும் கடல் காற்றும் பாதி வேலையைச் செய்துவிட்டன. அந்த இடத்தில் என்னை நிறுத்தி அந்தக் குரலைப் போட்டாலும் நாலு பேர் உருகியிருப்பார்கள்.

இஞ்சிமரப்பா

முதலில் உங்களை அங்கே நிறுத்தி ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பிறகு பேசலாம்.

பாம்பன் காற்று

குழந்தைகளே, நான் உங்களுக்கெல்லாம் மூத்தவள். நிறத்தைப் பற்றி இவ்வளவு பேச்சு நடக்கிறதே, எங்கள் காலத்துப் பித்துக்கு நிறமே கிடையாது. முகமே கிடையாது.

எழுபதுகளின் பின்பாதி. எங்கள் கடற்கரைக்குச் சென்னை வானொலியைவிட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். கடல் மேல் தடையில்லாமல் வரும். பள்ளிக்கூடம் விட்டு நடந்து வந்தால் ஒரு பாட்டு முழுவதையும் தெருவில் கேட்டுக்கொண்டே வரலாம். இந்த வீட்டு ரேடியோ விட்ட இடத்தில் அடுத்த வீட்டு ரேடியோ பிடித்துக்கொள்ளும். அதில் கே.எஸ். ராஜா என்று ஓர் அறிவிப்பாளர். அப்துல் ஹமீதும் உண்டு, அவர் பிறகு ‘பாட்டுக்குப் பாட்டு’ மூலம் தொலைக்காட்சிக்கும் வந்தார், உங்களுக்கெல்லாம் முகம் தெரியும். ராஜாவோ எங்களுக்கு வெறும் குரல். மூச்சு விடாமல், தடுக்காமல், ஒரு சொல்லின் வால் மீது அடுத்த சொல் ஏறிக்கொள்ள அவர் பேசுகிற வேகம் இருக்கிறதே! பாட்டு எப்போது முடியும், இவர் எப்போது பேசுவார் என்று காத்திருந்தவள் நான். பாட்டு ஓடும்போது உலை வைப்பேன். அவர் பேசும்போது அடுப்பு அணைந்தாலும் எழ மாட்டேன்.

அவருக்கு நான் ஒரு முகம் செய்து வைத்திருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு முகம் இருந்திருக்கும், ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்காது. அதனால் சண்டையும் இல்லை.

பிற்பாடு அவர் கொழும்பில் கொல்லப்பட்டார் என்ற செய்தி வந்தபோதுதான் படத்தைப் பார்த்தேன். நான் செய்து வைத்திருந்த முகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. செய்தியின் அதிர்ச்சியில் அதைப் பற்றி யோசிக்கவும் இல்லை. இப்போது பேரன் யூடியூபில் பழைய ஒலிப்பதிவு ஒன்றைத் தேடிக் கொடுத்தான். இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல் கிளம்பியதும், எனக்கு வந்தது படத்தில் பார்த்த முகமல்ல, நான் செய்த முகம்தான். ஒரு மயிரிழை நரைக்கவில்லை.

பனையோலை

பாம்பன் அக்கா, அக்கரையிலிருந்து ஒரு குரல்.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். 1990இல் மின்சாரம் நின்றது, வருடக்கணக்காக வரவில்லை. பாட்டரியும் கிடையாது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்போம். சுற்றுகிற கை சோர்ந்தால் பாட்டும் சோர்ந்து அடங்கும். ‘ரோஜா’ பாட்டுகள் எனக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தன. ‘புது வெள்ளை மழை’ ஒலிக்கும்போது சுற்றுவது என் முறை. பாட்டு நின்றுவிடக் கூடாதே என்று உயிரைக் கொடுத்துச் சுற்றியதில் பாட்டை ரசிக்கவே இல்லை.

அரவிந்த்சாமியின் முகத்தைப் பிறகு கொழும்புக்கு வந்தபோதுதான் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தார். ஆனால் எனக்கு அந்தப் பாட்டோடு சேர்ந்து வருவது அவரல்ல. பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்று என்று அதட்டிய என் அண்ணா.

நெல்லைச்சீமை

பனையோலை, பாம்பன் அம்மா, இரண்டு பதிவுகளையும் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். என் கணவர் எழுந்து வந்து கேட்டுவிட்டுப் போனார். இந்த இழையில் அவருக்கு வந்த முதல் ஆர்வம் இதுதான்.

மதுரைவீதி

நடிகராக இருக்க வேண்டியதில்லை என்று சொன்னதால் துணிந்து எழுதுகிறேன். ஸ்டெஃபி கிராஃப்.

சிரிக்காதீர்கள். மதுரையில் எங்கள் தெருவில் டென்னிஸ் மட்டையை நேரில் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் விம்பிள்டன் இறுதிப் போட்டி நாளில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி முன் நான் தவறாமல் இருப்பேன். அந்த ஃபோர்ஹேண்ட் அடிக்கு முன்னால் கால் மாற்றி நிற்கும் நடை, முகத்தில் விழும் முடியை ஊதித் தள்ளும் விதம், வென்றாலும் பெரிதாக ஆடாத அடக்கம். 1993 இறுதிப் போட்டியில் எதிரே யானா நோவோட்னா. மூன்றாவது செட்டில் நோவோட்னா 4–1 என்று முன்னால் இருக்கிறார். நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். கிராஃப் தொடர்ந்து ஐந்து கேம்களை எடுத்து 6–4 என்று முடித்தார். தேங்காய் உடைத்தேன். நோவோட்னா பரிசளிப்பின்போது கென்ட் கோமகளின் தோளில் சாய்ந்து அழுததைப் பார்த்தது நினைவிருக்கிறது. அப்போது அது எனக்கு இடைஞ்சல். கேமரா கிராஃபைக் காட்ட வேண்டிய நேரத்தில் இந்த அம்மா ஏன் குறுக்கே அழுகிறார் என்றிருந்தது.

இப்போது மகனுக்குக் காட்டலாம் என்று அதே ஆட்டத்தைப் போட்டேன். என் கண் கிராஃப் மேல் நிற்கவில்லை. 4–1, தன் சர்வீசில் 40–30. ஒரே ஒரு புள்ளி எடுத்தால் 5–1. அங்கே நோவோட்னா இரட்டைத் தவறு செய்கிறார். பந்து கோட்டைத் தாண்டி எங்கோ போகிறது. அதற்குப் பிறகு அவருடைய தோள் பட்டையைப் பாருங்கள். ஒவ்வொரு சர்வீசுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுகிறது. வேலையில், வியாபாரத்தில், கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போன எல்லாருக்கும் அந்தத் தோள் தெரியும். பதினாறு வயதில் எனக்கு அது எப்படித் தெரியும்?

நோவோட்னா 1998இல் விம்பிள்டனை வென்றுவிட்டார். 2017இல் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார், 49 வயதுதான். கிராஃப் 2001இல் அகாசியைக் கட்டிக்கொண்டது எனக்கு அந்தக் காலத்தில் சொந்த நஷ்டம். இப்போது அவர் நன்றாக இருக்கட்டும் என்பதோடு சரி.

மகன் பாதியில் எழுந்து போய்விட்டான்.

பவளமல்லி

மதுரைவீதி, நெல்லைச்சீமைக்கு ரோஜா, உங்களுக்கு நோவோட்னா. இரண்டு பேருக்கும் கண் நகர்ந்த திசை ஒன்றுதான் போலிருக்கிறது.

தறிச்சத்தம்

எல்லாம் சரி. நடுவில் கொஞ்ச காலம் அரவிந்த்சாமி உடல் பருத்து, முடி கொட்டி இருந்த படம் ஒன்று இணையத்தில் சுற்றியதே, அன்று இந்த ரசிகைகள் எல்லாம் எங்கே போனீர்கள்? ‘அய்யோ, இவரா?’ என்று எங்கள் அலுவலகத்துப் பெண்கள் துக்கம் விசாரிக்காத குறை.

இஞ்சிமரப்பா

நானும் பார்த்தேன், நானும் ‘அய்யோ’ என்றேன். மறைப்பானேன். ஆனால் தறி, அந்த மனிதர் முதுகுத்தண்டில் அடிபட்டு, கால் இயக்கம் பாதிக்கப்பட்டு அவதிப்பட்ட காலம் ஒன்று இருந்ததை அவரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சினிமாவை விட்டுத் தன் தொழிலைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவருடைய தலைமுடி என்னவோ நாம் பட்டா போட்டு வைத்திருந்த நிலம் போல எல்லாரும் கணக்குக் கேட்டோம். இத்தனைக்கும் அந்தப் படத்தைப் பார்த்து ‘அய்யோ’ என்ற எங்களில் ஒருத்தியும் 1992இல் இருந்த எடையில் இல்லை.

நடிகைகளுக்கு இது ஒவ்வொரு நாளும் நடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு நடிகைக்கு நாற்பது வயதானால் ஆண்கள் போடுகிற கருத்துகளைப் படிக்க முடிகிறதா?

தறிச்சத்தம்

அந்தக் கடைசி வரிக்குப் பதில் இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

சுடர்

இங்கே நான்தான் சின்னவள் போலிருக்கிறது, கல்லூரியில் படிக்கிறேன். உங்கள் அரவிந்த்சாமி எனக்கு அறிமுகமானதே ‘தனி ஒருவன்’ வில்லனாகத்தான். 2015இல் பள்ளிச் சிறுமி. அப்பா அம்மாவோடு தியேட்டரில் பார்த்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து “இவர் எப்படி இருந்தார் தெரியுமா, எப்படி இருந்தார் தெரியுமா” என்று படம் முழுக்கப் புலம்பினார். எனக்குப் புரியவே இல்லை. இவ்வளவு கம்பீரமாக, இவ்வளவு கெட்டவராக, சிரித்துக்கொண்டே கொலைக்குத் திட்டம் போடுகிற ஆளைப் பார்த்து எதற்கு இரக்கப்படுகிறார் என்று.

எங்கள் தலைமுறைக்குப் பித்து கொரியாவிலிருந்து வருகிறது. உங்களுக்கு வார இதழில் எப்போதாவது ஒரு படம். எங்களுக்குக் கொரிய நட்சத்திரங்கள் சாப்பிடுவது, தூங்கி வழிவது, விமான நிலையத்தில் நடப்பது வரை நேரலையில் வந்துவிடும். ரசிகர்களின் பெயரைச் சொல்லி வாழ்த்துவார்கள். என் தோழியின் பெயரை ஒருமுறை படித்துவிட்டார்கள், இரண்டு நாள் அவள் தூங்கவில்லை. நீங்கள் ஒருதலையாக உருகியதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

கரிசல்காட்டான்

சுடர் பாப்பா, பெயரைப் படித்தால் மட்டும் அது இருதலை ஆகிவிடுமா?

பவளமல்லி

சுடரின் பதிவைப் படித்ததும் எனக்கு ‘மெய்யழகன்’ ஞாபகம் வந்தது. 2024 செப்டம்பரில் வந்த படம். பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

அரவிந்த்சாமிக்கு அருள்மொழி என்று பெயர். தஞ்சாவூரில் சொந்த வீட்டை இழந்து சென்னைக்குப் போனவர், தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காகப் பல வருடம் கழித்து நீடாமங்கலம் வருகிறார். அங்கே கார்த்தி ‘அத்தான், அத்தான்’ என்று ஒட்டிக்கொள்கிறார். சோறு போடுகிறார், கோயிலுக்கு அழைத்துப் போகிறார், இவர் எப்போதோ செய்த, இவருக்கே மறந்துபோன ஒன்றைத் தன் குடும்பத்துக்கு வாழ்வு தந்த கதையாகச் சொல்லிக் கண் கலங்குகிறார். ஆனால் அருளுக்கு அந்தப் பையனின் பெயர் ஞாபகமில்லை. இரவு முழுக்க உட்கார்ந்து அவ்வளவு அன்பையும் வாங்கிக்கொண்டு, பெயரை மட்டும் கேட்க முடியாமல் தவிக்கிறார்.

தியேட்டரில் எனக்கு அந்த இடத்தில் சட்டென்று உறைத்தது. 1992லிருந்து நமக்கும் இவருக்கும் இருக்கிற உறவே இதுதானே? அவர் என்றோ விட்டுவிட்டுப் போன ஒன்றை வைத்துக்கொண்டு நாம் ஒரு பகுதி வாழ்க்கையை ஓட்டியிருக்கிறோம். நம் பெயர் அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கார்த்திக்கு அதில் ஒரு குறையும் இல்லை பாருங்கள். திரும்பக் கிடைக்குமா என்று கணக்குப் பார்க்காமல் வைக்கிற அன்பு அது. அருள்தான் கூனிக் குறுகுகிறார். வாங்கிக்கொள்கிறவருக்குத்தான் அது பாரம்.

படம் நீளம் என்று குறை சொல்லி, வெளியான பிறகு ஏறக்குறைய பதினெட்டு நிமிடத்தை வெட்டினார்கள். எனக்கு அந்தப் பதினெட்டும் வேண்டும்.

நெல்லைச்சீமை

மல்லி, நீங்கள் எழுதியதை நேற்றிரவே படித்துவிட்டேன். உடனே பதில் எழுத வரவில்லை.

அந்தப் படத்தை நானும் பார்த்திருந்தேன், ஊர் ஏக்கப் படம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். நீங்கள் சொன்னபடி யோசித்தால், நான் போன வாரம் ‘ரோஜா’வைப் பார்த்து அவர் பக்கத்திலிருந்து எழுந்து வந்துவிட்டேன் என்று எழுதினேனே, அதில் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர் நடித்த ரிஷிகுமார் என்ற பாத்திரத்தின் மீதுதான் எனக்கு வழக்கு. அந்தப் பாத்திரத்தை எழுதியவரும் இயக்கியவரும் ஒருவரே, ஆனால் நடித்தவர் நிச்சயமாக வேறு. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. இப்போது என் அலுவலகத்தில் பயிற்சிக்கு வருகிற பையன்களின் வயது. அவ்வளவு சின்னப் பையனிடமா நாங்கள் ஒரு லட்சியக் கணவனுக்கான பொறுப்பு முழுவதையும் கட்டிவிட்டோம்!

இஞ்சிமரப்பா

இருபத்திரண்டா! இனிமேல் ‘காதல் ரோஜாவே’ பார்த்தால் சாப்பிட்டாயா தம்பி என்று கேட்கத்தான் தோன்றும். கெடுத்துவிட்டீர்களே.

பாம்பன் காற்று

ஒரு படத்தை யாரும் சொல்லவில்லையே. பாலு மகேந்திராவின் ‘மறுபடியும்’. ‘ரோஜா’வுக்கு அடுத்த வருடம் வந்தது. கணவனால் கைவிடப்பட்ட ரேவதிக்குத் துணையாக நிற்கிறவர் அரவிந்த்சாமி. நல்லவர், அன்பானவர், பாடுகிறவர், எல்லாம்தான். கடைசியில் தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறார். ரேவதி மாட்டேன் என்கிறாள். கணவனும் வேண்டாம், இவரும் வேண்டாம், தன் காலில் நிற்கப் போகிறேன் என்று போய்விடுகிறாள்.

என் தங்கைமார்களோடு பார்த்தேன். வெளியே வரும்போது அத்தனை பேரும் ரேவதியைத் திட்டினார்கள். புருஷனை விட்டது சரி, அரவிந்த்சாமியை எப்படி விடலாம் என்று பஸ் வரும் வரைக்கும் பஞ்சாயத்து. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவள் செய்தது பிடித்திருந்தது. சொன்னால் வீட்டில் வேறு விதமாகப் பேச்சு வரும்.

பவளமல்லி

அம்மா, அந்தப் பஞ்சாயத்தில் நானும் இருந்தேன், வேறு ஊரில். ரேவதியை நாங்கள் மன்னிக்கவே இல்லை!

கரிசல்காட்டான்

ஆக 1993லேயே தமிழ்நாட்டில் ஒரு பெண் அரவிந்த்சாமியை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். இது முன்பே தெரிந்திருந்தால் அந்த ஸ்டூடியோ பவுடருக்கு நான் காசு கொடுத்திருக்க மாட்டேன்.

நெல்லைச்சீமை

‘மறுபடியும்’ இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் போடப் போகிறேன். மாமியார், நான், மகள், அடுத்த வீட்டு அக்கா. கணவரும் உட்காருகிறேன் என்கிறார், எதற்காக என்று தெரியவில்லை. பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

தறிச்சத்தம்

எழுதும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள் அக்கா. இந்த முறை யார் பக்கம்?

நெல்லைச்சீமை

ரேவதி பக்கம்தான், சந்தேகமே வேண்டாம். ஆனால் ‘நலம் வாழ எந்நாளும்’ பாட்டு ஓடி முடிகிற வரைக்கும் வீட்டில் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது.